ஜிம்னியா தாரா: நீலகிரிச் செம்மண்ணுக்கு எந்த வேரியன்ட், எந்த மாற்றம்?

மாருதி சுசூகி ஜிம்னியில் ஜீட்டா வேரியன்ட் எடுக்கலாமா ஆல்ஃபா எடுக்கலாமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்ல அரை நிமிஷம் போதும். இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆல்கிரிப் ப்ரோ என்ற அதே நாலு சக்கர இழுவை, அதே ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் கியர்), முன்னும் பின்னும் அதே ஒற்றை இரும்பு ஆக்சில். ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கித் திசை மாறாமல் பிடிக்கும் ஈஎஸ்பி எல்லாம் இரண்டிலும் உண்டு. கூடக் கொடுக்கும் பணத்துக்கு ஆல்ஃபாவில் கிடைப்பது அலாய் வீல், பெரிய திரை, எல்இடி ஹெட்லைட், அதைக் கழுவ ஒரு வாஷர், குரூஸ் கண்ட்ரோல், ஆட்டோமேட்டிக் ஏசி. குன்னூரில் குடியிருப்பவர் ஏசியை எத்தனை நாள் போடப் போகிறார்? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் குரூஸ் கண்ட்ரோலை எந்த இடத்தில் போடுவார்? ஜீட்டாவை எடுத்து, மிச்சப் பணத்தை டயரில் போடுங்கள். முடிந்தது.

மஹிந்திரா தாரில் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அங்கே வேரியன்ட் மாறினால் வண்டியின் அடிப்பகுதியே கொஞ்சம் மாறுகிறது.

2020 அக்டோபரில் வந்த மூன்று கதவுத் தாரைத்தான் சொல்கிறேன். ஷோரூமில் இப்போது வேரியன்ட் பெயர்கள் மாறிவிட்டன. ஆனால் மலையில் ஓடுவதும் செகண்ட் ஹேண்டில் கைமாறுவதும் பெரும்பாலும் பழைய ஏஎக்ஸ், எல்எக்ஸ் வண்டிகள்தான். ஏஎக்ஸ் ஆப்ஷனலில் 16 அங்குல இரும்பு வீல், 245/75 டயர். எல்எக்ஸில் 18 அங்குல அலாய், 255/65 டயர். பார்க்க எல்எக்ஸ்தான் கம்பீரம். டயர் அளவில் முதல் எண் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. கணக்குப் போட்டால் வேறு மாதிரி வரும்: ஏஎக்ஸ் டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 184 மி.மீ., எல்எக்ஸில் 166. டயரின் மொத்த விட்டத்தில் எல்எக்ஸுக்குக் கூடுதல் 15 மி.மீ. மட்டும். அதாவது அச்சு உயர்வது வெறும் ஏழெட்டு மி.மீ. அதற்காகப் பக்கச்சுவரில் 18 மி.மீ. ரப்பரை விட்டுக்கொடுக்கிறோம்.

அந்த ரப்பரின் அருமை எஸ்டேட் ரோட்டில் தெரியும். மழை ஓய்ந்த மறுநாள் தேயிலைக் காட்டுக்குள் போகிற செம்மண் பாதையில் டயரின் பள்ளங்களெல்லாம் பத்துச் சுற்றுக்குள் மண்ணால் அடைபட்டுவிடும். பிறகு உருளுவது வழவழவென்று ஒரு மண் உருளைதான். அந்த நேரத்தில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்த டயரை 18, 20க்கு இறக்கினால் பக்கச்சுவர் உப்பி, தரையில் படும் நீளம் கூடும். டயர் நெளிந்து நெளிந்து ஒட்டிய மண்ணைத் தானே உதிர்க்கும். இலை மூட்டை ஏற்றும் பழைய ஜீப் டிரைவர்கள் நமது புது வண்டி வழுக்குவதைப் பார்த்தால் முதலில் சொல்வதே, “காத்தை எறக்குங்க தம்பி, அப்புறம் மிதிங்க” என்பதுதான். பக்கச்சுவர் உயரமாக இருந்தால் இப்படி இறக்கிய பிறகும் ரிம் கல்லில் இடிக்காது. இடித்தாலும் இரும்பு ரிம் நசுங்கும், சுத்தியலால் தட்டி ஊருக்கு வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் ஸ்டெப்னிதான் கதி.

அப்படியென்றால் ஏஎக்ஸ்தானா? கொஞ்சம் பொறுங்கள். பின் ஆக்சிலில் மெக்கானிக்கல் டிஃப் லாக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலின் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃப்; இரண்டும் ஒன்றாகச் சுழல அதைப் பூட்டுவது லாக். எல்லாத் தாரிலும் அது இருப்பதில்லை. சில வேரியன்ட்டில் ஆப்ஷன், சிலவற்றில் அதற்குப் பதில் சுழலும் சக்கரத்தைப் பிரேக்கால் பிடிக்கும் ஏற்பாடு. விற்பவர் “எல்லாம் இருக்குங்க” என்பார்; அந்த வருஷத்து, அந்த வேரியன்ட்டின் பிரோஷரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. மெக்கானிக்கல் லாக் தானாக வேலை செய்வது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் இடையே சுழற்சி வித்தியாசம் நிமிஷத்துக்கு 100 சுற்றைத் தாண்டினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழலும்போது பயந்து காலை எடுக்காமல் சீராக மிதித்தால்தான் அது பிடிக்கும். ஜிம்னியில் லாக் இல்லை, பிரேக் வழி ஏற்பாடுதான். ஆனால் எடை 1,200 கிலோ சுற்றளவு என்பதால் அதுவே நிறைய இடங்களில் போதுமானதாகிறது. தாரின் கனத்தோடு அதே வேலையை பிரேக்கிடம் கொடுத்தால், நீண்ட ஏற்றத்தில் பிரேக் சூடாகிவிடும்.

ஆக, தாரில் என் வரிசை இது: டிஃப் லாக் உள்ள டீசல், 16 அங்குல வீல், ஹார்ட் டாப். எல்எக்ஸ்தான் கிடைக்கிறது, அதில் லாக் இருக்கிறது என்றால் அதையே எடுத்து, வீலை 16க்கு இறக்கிக்கொள்ளலாம். லாக் இல்லாத வண்டியில் பிறகு லாக் வைப்பதைவிட இது எவ்வளவோ மலிவு. சாஃப்ட் டாப் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மாவட்டம் இது. அதற்கு மேல் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. போதாக்குறைக்குக் குரங்குகள். கான்வாஸ் கூரைக்குள் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருப்பது அவற்றுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

இனி எஞ்சின். கடல் மட்டத்தில் எழுதிய குதிரைத்திறன் ஊட்டியில் அப்படியே கிடைப்பதில்லை. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் வலு இழக்கும். ஊட்டி 2,240 மீட்டர். ஜிம்னியின் 105 பிஎஸ் அங்கே ஏறக்குறைய 82 ஆகிவிடுகிறது. நான்கு பேர், சாமான், ஏற்றம் என்றால் நன்றாகவே தெரியும். தாரின் டீசலும் பெட்ரோலும் டர்போ வைத்தவை என்பதால் இந்த இழப்பு அவற்றில் மிகக் குறைவு. டீசல் 130 பிஎஸ்தான், ஆனால் 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை குறைந்த சுற்றிலேயே வந்துவிடும். ஜிம்னியில் இருப்பது 134. ஃபோர் லோ போட்டால் ஜிம்னியும் எதையும் ஏறும், அதில் சந்தேகமில்லை. சிரமம் தார்ச்சாலை ஏற்றத்தில், கேரட் லாரியை முந்த வேண்டிய இடத்தில்.

இதனால்தான் ஜிம்னிக்குப் பெரிய டயர் போடுவதை நான் ஏற்பதில்லை. கம்பெனி அளவு 195/80 ஆர்15. அதை 215/75 ஆக்கினால் விட்டம் 10 மி.மீ. கூடும், எஞ்சினுக்குப் பெரிதாகத் தெரியாது. பலரும் ஆசைப்படுவது 235/75. அதில் விட்டம் 40 மி.மீ. கூடுகிறது, டிஃப் அடியில் 20 மி.மீ. இடைவெளி கிடைக்கிறது. உண்மைதான். ஆனால் கியர் விகிதமே சுமார் 6 சதவீதம் நீண்டதுபோல ஆகிவிடும், ஏற்கெனவே மூச்சுத் திணறும் எஞ்சினுக்கு. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் உரசவும் வாய்ப்புண்டு, அப்புறம் லிஃப்ட் கிட், அப்புறம் ஷாக், அப்புறம் இன்னொன்று.

லிஃப்ட் கிட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிராக்டரும் பிக்கப்பும் ஓடி ஓடிச் செதுக்கிய இரட்டைத் தடத்தில் நடுமேட்டில் தட்டுவது பெரும்பாலும் ஆக்சிலின் டிஃப் உருண்டைதான். லிஃப்ட் கிட் பாடியைத்தான் தூக்கும். சக்கரத்தோடு இருக்கும் ஒற்றை ஆக்சிலைத் தூக்காது. அதைத் தூக்குவது டயர் மட்டும். பாடியைத் தூக்கினால் வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போகிறது, எஸ்டேட் பாதையில் ஒரு பக்கம் சரிந்த இடங்களில் அது வயிற்றைக் கலக்கும். தாரில் தரை இடைவெளி 226 மி.மீ., ஜிம்னியில் 210. இரண்டும் இந்த ஊருக்குப் போதும்.

அகலத்தைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. ஜிம்னி 1,645 மி.மீ., தார் 1,820 மி.மீ. எஸ்டேட்டின் உட்பாதைகள் பழைய ஜீப்புக்கு வெட்டியவை, ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் கால்வாய். எதிரே டிராக்டர் வந்தால் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். அங்கே 175 மி.மீ. என்பது கால்வாயில் விழுவதற்கும் விழாமலிருப்பதற்கும் உள்ள வித்தியாசம். ஹட்டிகளின், அதாவது படுகர் ஊர்களின், தெருக்களிலும் அப்படியே. தினமும் அப்படிப் போய்வருகிறவர், இரண்டு பேருக்கு மேல் ஏற்றாதவர் என்றால் வலுக் குறைவையெல்லாம் மறந்துவிட்டு ஜிம்னி எடுக்கலாம்.

ஐந்து கதவுத் தாரான ராக்ஸைச் சுருக்கமாக. ஃபோர் பை ஃபோர் டீசலில் மட்டும்தான். எம்எக்ஸ்5 மேனுவல், ஏஎக்ஸ்5எல் ஆட்டோமேட்டிக், ஏஎக்ஸ்7எல் இரண்டும். மண்ணில் ஓட்டுகிறவர் எம்எக்ஸ்5உடன் நிற்கலாம். ஏஎக்ஸ்7எல்லில் வரும் 19 அங்குல வீல் இங்கே பாதகம்தான். குடும்பத்தோடு போக அருமையான வண்டி, பின் சீட்டில் பெரியவர்களை உட்கார வைக்கலாம். நீளம் 4,428 மி.மீ., வீல்பேஸ் 2,850. மஞ்சூரிலிருந்து கெத்தை இறங்கும் 43 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த நீளம் கைக்குத் தெரியும். வெள்ளை சீட்டோடு அதை அறிமுகப்படுத்தியவர்கள் செம்மண்ணைப் பார்த்ததே இல்லையா என்று அப்போது தோன்றியது. பிறகு ஃபோர் பை ஃபோருக்குப் பழுப்பு நிறமும் வந்தது, நல்ல வேளை.

ஃபோர்ஸ் கம்பெனியின் கூர்காவில் வேரியன்ட் குழப்பமே இல்லை. 2.6 லிட்டர் டீசல், மேனுவல் மட்டும், முன் ஆக்சில் பின் ஆக்சில் இரண்டுக்கும் லாக், கம்பெனியே வைத்த ஸ்னார்க்கல் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்). மாற்றம் செய்ய எதையும் மிச்சம் வைக்கவில்லை. எஸ்டேட் வேலைக்கு வைத்திருப்பவருக்கு நல்ல தேர்வு. தினமும் ஊட்டி மார்க்கெட்டில் பார்க்கிங் தேடுகிறவருக்கு இல்லை.

ஸ்னார்க்கல் என்றதும் நினைவுக்கு வருகிறது: மற்ற வண்டிகளில் அதைத் தனியாக வாங்கி வைப்பது இங்கே வீண். தார் 650 மி.மீ. தண்ணீரில் போகும். நம் ஓடைகள் ஆழம் குறைந்தவை, சரிவு மட்டும் அதிகம். அதற்கு மேல் தண்ணீர் வருகிறது என்றால் வேகத்திலேயே வண்டியைப் புரட்டிவிடும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியதே, அந்த மாதிரி நாளில் ரோடே இருக்காது. ஸ்னார்க்கல் என்ன செய்யும்?

டயர் வகையில் ரோடு, மண் இரண்டுக்குமான ஏடிதான் (ஆல் டெரைன்), சேற்றுக்கான எம்டி (மட் டெரைன்) வேண்டாம். எம்டி மண்ணை நன்றாகத் துப்பும், ஆனால் நாம் ஓட்டுவதில் பெரும்பகுதி நனைந்த தார்ச்சாலை. அதன் அகலமான ரப்பர் கட்டைகளுக்கு நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு, பிரேக் போட்ட பிறகும் வண்டி நகரும். இன்னொன்று, இந்த வண்டிகளில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே சென்டர் டிஃப் கிடையாது. தார்ச்சாலையில் மழை பெய்கிறதே என்று ஃபோர் ஹை (சாதாரண வேகத்து நாலு சக்கர இழுவை) போட்டுக் கொண்டை ஊசியில் திருப்பினால், சக்கரங்களுக்கு வலுவைக் கடத்தும் பாகங்கள் இறுகி முறுக்கிக்கொள்ளும். அங்கே டூ ஹை (பின் சக்கர இழுவை மட்டும்), நல்ல டயர், இரண்டாம் கியர். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும் 36 வளைவுகளில் விபத்து அதிகமானதற்கு முக்கியக் காரணம் பிரேக்கையே நம்பி இறங்குவதுதான். நாலு சக்கர இழுவை எதுவும் அங்கே உதவாது.

விளக்குக்குச் செலவு செய்வதென்றால் பம்பரில் தாழ்வாக ஒரு ஜோடி மஞ்சள் ஃபாக் லைட். கூரை மேல் எல்இடி பார் வைத்தவர் மிஸ்ட் இறங்கிய இரவில் அதைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். எதிரே வருகிறவர் பாடு தனி.

காட்டெருமை மோதினால் காப்பாற்றும் என்று முன்பக்கம் புல் பார் என்ற இரும்புக் குழாய்த் தடுப்பு வைக்கச் சொல்வார்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதற்குத் தடை சொல்லிவிட்டது. வளர்ந்த ஆண் காட்டெருமை ஒரு டன்னை நெருங்கும். மோதலில் குழாய் வளையும், ஏர்பேக் சென்சார் குழம்பும். அந்தப் பணத்தில் முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கி, நெகிழும் ரெக்கவரி கயிறு, கயிற்றை மாட்ட இரண்டு ஷேக்கிள், டயருக்குக் காற்றடிக்க ஒரு நல்ல கம்ப்ரஸர் வாங்கலாம். கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச், தனியாகப் பயணம் போகிறவருக்கு மட்டும். மூக்கில் முப்பது கிலோவுக்கு மேல் ஏறும், மரத்தில் கட்ட அகலப் பட்டையும் வேண்டும். காப்புக்காட்டுக்குள்ளும் புல்வெளியிலும் அனுமதியில்லாமல் வண்டி விடுவது குற்றம். அனுமதியோடு எஸ்டேட்டுக்குள் ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு டிராக்டர் இருக்கும்.

எதைச் செய்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டயர் மாற்றும்போது ஐந்து வாங்குங்கள், நான்கு அல்ல. விட்டம் மாறிய ஸ்டெப்னியோடு ஃபோர் பை ஃபோர் போட்டால் டிஃபுக்கு ஆகாது. கனமான புது டயரைப் பின்கதவில் மாட்டிய பிறகு, அந்தக் கதவின் கீல் போல்டுகளை ஒரு மாதம் கழித்து மறுபடி முறுக்கிப் பாருங்கள்.