கிரிப்டிக் குறுக்கெழுத்து: பல வருடப் பழக்கத்தில் கைகொடுத்தவை

கிரிப்டிக் குறுக்கெழுத்துப் புதிர்களை, அதாவது பொருளை நேராகக் கேட்காமல் சொல்விளையாட்டுக்குள் விடையை மறைத்து வைக்கும் புதிர்களை, பல வருடங்களாகப் போட்டு வருகிறேன். ஆங்கிலத்தில் தொடங்கியது, இப்போது பெரும்பாலும் தமிழில். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குறிப்பைப் படித்தால் ஒன்றுமே புரியவில்லையே, எங்கே ஆரம்பிப்பது?" வாக்கியம் சொல்லும் கதையை விட்டுவிடுங்கள், அதிலுள்ள சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடத்தில் இந்தப் பதிலை நான் மாற்றவே இல்லை.

உதாரணத்துக்கு நானே எழுதிய ஒரு குறிப்பு: "மாலா திரும்பினாள், துறவி ஆனாள் (2)." படித்ததும் ஒரு பெண்ணின் வாழ்க்கை மனத்தில் ஓடும். அதை ஓரமாக வைத்துவிட்டு எழுத்துகளைப் பாருங்கள். "மாலா" திரும்பினால் "லாமா". அவர் துறவி. அவ்வளவுதான்! அடைப்புக்குள் இருக்கும் எண் விடையின் எழுத்து எண்ணிக்கை.

பெரும்பாலான குறிப்புகளில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள், மற்றது விடையை எழுத்தெழுத்தாகக் கட்டுவதற்கான வழி. நேர்ப்பொருள் வாக்கியத்தின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும். நடுவில் வராது. அதனால் புதிய குறிப்பைப் பார்த்ததும் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் தனித்தனியே எடுத்து, "இதற்கு இத்தனை எழுத்தில் வேறு சொல் என்ன?" என்று கேட்டுப் பார்ப்பேன். பாதிக் குறிப்புகள் இந்த இடத்திலேயே அசைந்து கொடுக்கும்.

அப்புறம், கட்டளைச் சொற்கள். "கலைந்த", "குழம்பிய", "தடுமாறிய" என்று வந்தால் எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும். "தலையற்ற" என்றால் முதல் எழுத்து போக வேண்டும்: "முளைப்பது தலையற்ற கவிதை (2)" என்றால் விதை. "இடையே", "உள்ளே" என்றால் விடை பக்கத்திலேயே ஒளிந்திருக்கலாம். "அம்மா தவித்தபோது இடையே தெரிந்த நாட்டிய மங்கை (3)" என்பதில் முதல் இரண்டு சொற்களைச் சேர்த்து வாசியுங்கள், கோவலனை மயக்கிய மாதவி அங்கேயே நிற்கிறாள். எனக்கு மிகப் பிடித்த வகை இதுதான். விடையைக் கண்முன்னே வைத்துக்கொண்டே மறைப்பதற்குத் தனிக் கை வேண்டும்.

இரட்டைப் பொருள் குறிப்புகளில் கட்டளையே இருக்காது. "அந்தி கழுத்தில் விழும் (2)", மாலை. குறிப்பு மிகச் சின்னதாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகிப்பேன்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே ஒரு கட்டத்துக்கு ஒரு முழு எழுத்து. க, கா, க் மூன்றும் வேறு வேறு. ஆங்கிலத்தில் 26 எழுத்து எப்படி வேண்டுமானாலும் கலையும். தமிழில் உயிர்மெய் உடையாது என்பதால் நல்ல அனகிராம், அதாவது எழுத்துகளை இடம் மாற்றினால் வரும் வேறு சொல், அகப்படுவது அரிது. நகரம்-நரகம் போன்ற ஜோடிகள் எளிதில் சிக்குவதில்லை. அதற்கு ஈடாகச் சொற்களைப் பிரித்து ஒட்டும் விளையாட்டு தமிழில் அபாரமாக வருகிறது. "பூ கொடு, மானே (3)." கொடு என்றால் தா, மான் என்றால் மரை. தாமரை!

அந்த "மானே"வில் உள்ள ஏகாரம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கண்டிப்பானவர்கள் ஏற்க மாட்டார்கள். நான் ஏற்பேன், ஏனென்றால் அங்கே பொருள்தான் வேலை செய்கிறது, எழுத்து அல்ல. ஆனால் எழுத்தைக் கலைக்கச் சொல்லும் குறிப்பில் ஒட்டு இருக்கவே கூடாது. "வானகத்தைக் கலைத்து" என்று எழுதினால் "ம்" தொலைந்து "த்தை" முளைத்துவிடும், போடுபவர் எதை எடுப்பார், எதை விடுவார்? "கலைந்த வானகம் ஏறிப் போவதற்கு (4)" என்று எழுதினால் சுத்தமாக வாகனம் வரும். வேற்றுமை உருபை வெளியே நிறுத்தும் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் ஆசிரியரின் புதிரை நான் தேடிப் போய்ப் போடுவேன்.

நேர்மை பற்றிய இந்தச் சண்டை பழையது. 1926 முதல் லண்டனின் அப்சர்வர் இதழில் டார்க்குமாடா என்ற புனைபெயரில் புதிர் அமைத்த பவிஸ் மேதர்ஸ், கிரிப்டிக் வகையைக் கடுமையான கலையாக்கினார். 1939-இல் அவர் இறந்த பின் அந்த இடத்துக்கு வந்த ஸிமெனீஸ், அதாவது டெரிக் மக்நட், நல்ல குறிப்புக்கான விதிகளை வகுத்தார். அவருக்குப் பின் அதே இடத்துக்கு வந்த அஸெட் அவற்றை இப்படிச் சுருக்கினார்: துல்லியமான நேர்ப்பொருள், நியாயமான கட்டுமானம், இவை தவிர வேறெதுவும் கூடாது. நான் குறிப்புகளை எடைபோடுவது இன்றும் இந்த அளவுகோலால்தான். ஒரு சொல் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வருகிறது.

விடை கிடைக்காமல் நிற்கும்போது கட்டங்களே உதவும். குறுக்கே வந்த எழுத்து புள்ளி வைத்தது என்றால் அது எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதல் எழுத்தாக இருக்க முடியாது. "ங்" விழுந்தால் அடுத்தது பெரும்பாலும் ககர வரிசை, "ஞ்" என்றால் சகர வரிசை. கடைசிக் கட்டத்தில் "ம்" என்றால் பெயர்ச்சொல்லாக இருக்க நிறைய வாய்ப்பு.

செயலிகளில் வரும் "சரிபார்" பொத்தானை அணைத்து வைத்திருக்கிறேன். அதை அழுத்திப் பழகினால் ஊகம் வளரும், பிரித்துப் பார்க்கும் பழக்கம் வளராது. அதைவிட, விடைகள் வெளியான பிறகு உட்கார்ந்து, போட முடியாத ஒவ்வொரு குறிப்பையும் விடையிலிருந்து பின்னோக்கிப் பிரித்துப் பாருங்கள். எனக்கு மற்ற எதையும்விட அதிகம் கற்றுத்தந்தது இதுதான். விடை சரியாக வந்துவிட்ட குறிப்பையும், ஏன் என்று சொல்லத் தெரியாதவரை முடிந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, இதுவரை சொன்னதை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள்: "பாட்டோடு சுற்று, தேவாலயத்தில் தென்படுவார் (3)."