செண்பகனூர் அருகே ஒரு மௌனத் தியானம்: மதிப்பீடு

கொடைக்கானலில், செண்பகனூருக்கு அருகிலுள்ள ஒரு சிறிய தியான இல்லம் மனத்தாழ்மையை மையப்பொருளாகக் கொண்டு மூன்று நாள் மௌனத் தியானம் நடத்துகிறது. இயேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையார் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய ஊர் என்பதால், இங்கும் அச்சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளே அடிப்படையாக அமைந்திருப்பதில் வியப்பில்லை.

ஏறத்தாழ முப்பது நாள் செய்ய வேண்டிய அப்பயிற்சிகளைச் சுருக்கித் திணிக்காமல், சாத்தானின் கொடி, கிறிஸ்துவின் கொடி என்னும் ‘இரு கொடிகள்’ பற்றிய தியானத்தில் மட்டும் நிலைத்திருப்பதே இந்நிகழ்ச்சியின் பெருஞ்சிறப்பு. செல்வத்திலிருந்து புகழுக்கும் அதிலிருந்து செருக்குக்கும் இழுத்துச் செல்லும் சாத்தானின் பாதையையும், எளிமையும் அவமதிப்பும் கடந்து தாழ்மையை அடையும் கிறிஸ்துவின் பாதையையும் விளக்கிய அருள்தந்தை, “யாருடைய சொல்லுக்கு உங்கள் மனம் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது?” என்று கேட்டுவிட்டு எங்களை நெடுநேரம் தனிமையில் விட்டார். நம் மதிப்பைக் காப்பதற்காக உள்ளுக்குள் ஓயாமல் நடத்தும் வழக்கைக் கைவிடும்போதுதான், கனிவும் மனத்தாழ்மையும் உடைய தம்மிடம் கற்றுக்கொள்பவருக்கு இயேசு வாக்களித்த இளைப்பாறுதல் (மத்தேயு 11:29) கிட்டும் என்பது எனக்கு அங்கே விளங்கியது.

பங்கேற்பவர்கள் பதவியையோ பட்டத்தையோ சொல்லாமல் பெயரை மட்டும் சொல்லி அறிமுகமாகிறார்கள். அவரவர் தட்டை அவரவரே கழுவி, முறைவைத்துத் தாழ்வாரத்தைப் பெருக்குகிறார்கள். நிறைவு நாள் மாலையில் ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவும் சடங்கும் உண்டு. கழுவுவதைவிடக் கழுவ விடுவதே பலருக்கும் கடினமாயிருந்தது; இயேசு தம் பாதத்தைக் கழுவ வந்தபோது சீடர் பேதுருவும் முதலில் மறுத்தாரல்லவா!

ஒரு குறையை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். எந்த அவமானத்தையும் வாய்திறவாமல் தாங்குவதே தாழ்மை என்பதுபோல ஓர் உரை அமைந்தது. தலைமைக் குருவின்முன் காவலர் அறைந்தபோது, தாம் பேசியது சரியென்றால் ஏன் அடிக்கிறீர் என்று இயேசு நேரடியாகக் கேட்டார் (யோவான் 18:23). வீட்டில் அடிபடும் ஒரு பெண் அந்த உரையைக் கேட்டுத் திரும்பினால் அவருக்குக் கிடைப்பது அமைதி அன்று, அச்சமே. இவ்வேறுபாட்டை இல்லத்தார் தெளிவாக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதியிருக்கிறேன்.

அறைகள் தூய்மையானவை, உணவு எளியது, சூடானது. இரவுக் குளிருக்கு அங்குள்ள கம்பளி போதாது என்பதால் முதியோர் கூடுதலாக ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டும். கட்டணம் நிர்ணயிக்கப்படவில்லை; இயன்றதை உறையில் இடலாம். கைப்பேசியை முதல் நாளே ஒப்படைக்க நேரும் என்பதால், அவசரத் தொடர்புக்கு அலுவலக எண்ணை வீட்டாரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.