லடாக் சாரிட்டி டிரெக்: பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள்

மும்பையில் இருந்துகொண்டு, லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்குக்கு 'சாரிட்டி டிரெக்' (நன்கொடை திரட்டிப் போகும் மலைநடைப் பயணம்) என்ற பெயரில் ஆள் சேர்க்கும் ஒரு பயண நிறுவனம், செம்பூர், மாட்டுங்கா, முலுண்ட் பகுதித் தமிழர்களான எங்களிடம் நன்கொடை என்று வாங்கிய பணத்தை உரிய இடத்தில் சேர்க்கவில்லை. அதைவிடக் கொடுமையாக, மலைமேல் எங்களில் ஒருவருடைய உயிரோடு விளையாடியது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அடுத்த பயணத்துக்கான அழைப்பு, அதே படங்களோடும் அதே வாசகங்களோடும் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் மீண்டும் சுற்றத் தொடங்கிவிட்டது. அதனால் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் எழுதிவைக்கிறேன்.

மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் அறிமுகக் கூட்டம் நடத்தினார்கள். பயணக் கட்டணம் 58,000 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொருவரும் நண்பர்கள், உறவினர்களிடமிருந்து குறைந்தது 40,000 ரூபாய் நன்கொடை திரட்டித் தரவேண்டும். அந்தத் தொகை முழுவதும் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசுப் பள்ளியின் வகுப்பறையைச் சூரிய வெப்பத்தால் கதகதப்பாக வைக்கும் வேலைக்குப் போகும் என்றார்கள். திட்டம் நம்பத்தகுந்ததாகவே இருந்தது. தெற்கு பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் கருப்பு வண்ணம் பூசிய தடித்த சுவர் பகல் வெயிலை உள்வாங்கி, இரவில் அந்தச் சூட்டை அறைக்குள் விடும். லேவுக்கு அருகில் ஃபே கிராமத்தில் இருக்கும் செக்மோல் கல்வி வளாகம் பல ஆண்டுகளாகச் சூரிய வெப்பத்தைக் கொண்டுதான் குளிர்காலத்தைக் கடத்துகிறது. ஆகவே அலுவலகத்திலும் சொசைட்டியிலும் கேட்டவர்கள் எல்லாரும் மனமுவந்து கொடுத்தார்கள். எங்கள் கட்டடத்தில் வீட்டு வேலை செய்யும் அக்கா ஒருவர், "பிள்ளைங்க குளிர்ல நடுங்கிக்கிட்டுப் படிக்கக் கூடாது" என்று 200 ரூபாயை என் கையில் திணித்துவிட்டுப் போனார். இந்தப் பதிவை எழுதும்போது என் மனத்தை அதிகமாக அறுப்பது அந்த 200 ரூபாய்தான்.

கட்டணத்தையும் நன்கொடையையும் ஒரே வங்கிக் கணக்கில் போடச் சொன்னார்கள். அது யாருடைய கணக்கு என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "நல்ல காரியத்துக்கு வந்திருக்கிறீர்கள், இதையெல்லாம் துருவினால் எப்படி?" என்று ஒருங்கிணைப்பாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு பயணம் நெடுகிலும், சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாலும் ஆக்சிஜனைப் பற்றிக் கேட்டாலும், இதே பதில்தான் வந்தது. தருமத்தின் பெயரைச் சொல்லியே எங்கள் வாயை அடைத்தார்கள். கணக்கிலும் அப்படித்தான், மலையிலும் அப்படித்தான்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மும்பை போன்ற கடலோர ஊரிலிருந்து விமானத்தில் போய் இறங்குபவர்கள் முதல் 48 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமே அறிவுறுத்துகிறது. அதன்பின், 3,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில், இரவு படுத்துறங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மேலே ஏறாமல் தங்கவேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டம் ஓரளவுக்காவது இதை ஒட்டியிருந்தது. லேயில் இரண்டு இரவு, பிறகு சில்லிங், ஸ்கியூ, மார்க்கா, ஹங்கர், நிமாலிங், கடைசியில் 5,100 மீட்டருக்கும் உயரமான கொங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்தோவில் இறங்குவது என்று போட்டிருந்தார்கள்.

ஆனால் லேயில் ஓர் இரவு கழிந்ததுமே எங்களை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். ஹங்கரில் தங்குவதையும் ரத்து செய்து, 3,700 மீட்டர் அளவில் இருக்கும் மார்க்கா கிராமத்திலிருந்து 4,700 மீட்டரைத் தாண்டிய நிமாலிங் புல்வெளிக்கு ஒரே நாளில் நடக்கவைத்தார்கள். ஓர் இரவைக் குறைத்தால் குதிரைகளுக்கும் சமையலுக்கும் கூடாரத்துக்கும் ஒரு நாள் செலவு மிச்சம். வழிகாட்டியே இதைப் பிறகு ஒப்புக்கொண்டார்.

எங்கள் குழுவில் அறுபதைக் கடந்த ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தவர், நாங்கள் அண்ணாச்சி என்று அழைப்போம். சஹ்யாத்ரியில் கல்சுபாய்க்கும் ஹரிச்சந்திரகட்டுக்கும் இளைஞர்களுக்குச் சமமாக ஏறி இறங்கியவர். ஆனால் மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சுபாயே 1,646 மீட்டர்தான். அங்கே நன்றாக நடப்பவர் என்பது நிமாலிங்கில் எதற்கும் உத்தரவாதமாகாது. நிமாலிங்கை நெருங்கும்போதே அவருக்குத் தலைவலி. இரவில் வாந்தி எடுத்தார். "தம்பி, கால் ஒரு பக்கம் போவுது, நான் ஒரு பக்கம் போறேன்" என்று அவர் சொன்னபோது வழிகாட்டி, சோர்வுதான், தூங்கினால் சரியாகிவிடும் என்றார்.

பக்கத்தில் முகாமிட்டிருந்த வேறொரு குழுவின் லடாக்கி வழிகாட்டிதான் எழுந்து வந்து பார்த்தார். தரையில் தன் கைத்தடியால் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் வைத்து வைத்து அதன்மேல் நடக்கச் சொன்னார். அண்ணாச்சி மூன்றாவது அடியிலேயே பக்கவாட்டில் சரிந்தார். உயர்மலையில் இப்படித் தள்ளாட்டம் வந்தால் அது மூளை வீக்கத்தின் அறிகுறி; உடனே இறக்காவிட்டால் ஆள் பிழைக்கமாட்டார் என்று அந்த லடாக்கி வழிகாட்டி எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். எங்கள் நிறுவனத்தின் மருத்துவப் பெட்டியைத் திறந்தோம். பாராசிட்டமாலும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும், தேதி கடந்த வலித் தைலமும் இருந்தன. விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டருக்கு பேட்டரி இல்லை. ஆக்சிஜன் உருளை இருந்தது, ஆனால் அதன் வாயில் பொருத்த வேண்டிய ரெகுலேட்டர் வேறு அளவினது. எவ்வளவு திருகியும் மரை பிடிக்கவில்லை. மூளை வீக்கத்தைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரையை அந்த லடாக்கி வழிகாட்டிதான் தன் பையிலிருந்து கொடுத்தார்.

நிமாலிங்கில் இருந்து கிட்டத்தில் உள்ள சாலைக்குப் போவதென்றால் முதலில் கணவாய்வரை ஏறவேண்டும். இந்த நோய்க்கு முதல் மருந்தே கீழே இறங்குவதுதான் என்னும்போது, வந்த வழியே ஹங்கரை நோக்கித் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை. விளக்கு வெளிச்சத்தில், அந்தப் பக்கத்துக் குழுவின் குதிரைக்காரர் தன் குதிரையில் அண்ணாச்சியை உட்காரவைத்து, கீழே விழாதபடி ஒரு கையால் முதுகைத் தாங்கிக்கொண்டே நடந்தார். ஹங்கரில் பொழுது விடியும்போது அண்ணாச்சி தன் பேரன் பெயரைச் சரியாகச் சொன்னார். பின்னர் லே எஸ்.என்.எம். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு நலமாக வீடு திரும்பினார். அந்தக் குதிரைக்காரர் எங்கள் கையிலிருந்து பணம் வாங்க மறுத்தார்.

எங்கள் வழிகாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மணாலிப் பக்கத்து இளைஞர். அந்தப் பள்ளத்தாக்குக்கே அப்போதுதான் முதன்முறையாக வந்திருந்தார். மலையேற்றப் பள்ளி எதிலும் பயின்றவர் அல்லர். அவருக்கும் குதிரைக்காரர்களுக்கும் கூலி பாக்கி என்பதைக் கடைசி நாளில்தான் அறிந்தோம். உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனத்திலோ டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனத்திலோ பயின்ற தலைவர்கள் வருவார்கள் என்று கூட்டத்தில் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு.

இன்னொரு வாக்குறுதியையும் இங்கே சொல்லவேண்டும். அவசரத்துக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கும் என்றார்கள். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதைத் தனியார் வைத்திருப்பதே குற்றம். எந்த நிறுவனமாவது இப்படிச் சொன்னால் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதைக்கூட எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. காப்பீடு உண்டு என்று சொல்லிக் காட்டிய பாலிசியிலோ, 4,500 மீட்டருக்கு மேல் நடப்பது விலக்கப்பட்டிருந்தது.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். நிமாலிங்குக்கு முன்பே அங்கே போயிருந்தோம். சுவரில் ஒரு பேனரைக் கட்டி, பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, நோட்டுப் புத்தகமும் பென்சில் பெட்டியும் சாக்லேட்டும் கொடுக்கச் சொல்லி விதவிதமாகப் படம் எடுத்தார்கள். பேனரில் ஆண்டு அச்சாகியிருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, அதன்மேல் நடப்பு ஆண்டை எழுதியிருந்தார்கள்; தாளின் ஓரம் காற்றில் தூக்கியபோது அடியில் முந்தைய ஆண்டு தெரிந்தது. எல்லாரும் வெளியே போனபின் ஆசிரியர் தயக்கத்தோடு இந்தியில் என்னிடம் கேட்டார்: "போன வருடம் சொன்ன புகாரி அடுப்பாவது இந்த முறை வருமா, ஜி?" கண்ணாடிச் சுவரும் இல்லை, அறையைச் சூடாக்கும் அந்த அடுப்பும் இல்லை. தெற்குப் பக்கத்து ஜன்னலில் உடைந்த சட்டத்துக்குப் பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது.

மும்பை திரும்பியதும் நன்கொடைக்கான ரசீது கேட்டோம். நாங்கள் பணம் கட்டிய நிதியாண்டின் விதிப்படி, 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிச் சலுகை தரும் பிரிவு) பதிவு பெற்ற அமைப்பு என்றால் வருமான வரித் துறையில் நன்கொடை விவர அறிக்கையான படிவம் 10பிடி தாக்கல் செய்து, கொடுத்தவருக்குப் படிவம் 10பிஇ சான்றிதழ் தரவேண்டும். எங்களுக்கு வந்ததோ பான் எண்ணும் பதிவு எண்ணும் இல்லாத ஒரு வண்ணமயமான பாராட்டுப் பத்திரம். கூடவே அனுப்பிய ஜி.எஸ்.டி. பில்லைப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது: கட்டணம், நன்கொடை இரண்டையும் கூட்டி, மொத்தத்துக்கும் 5 சதவீத வரி போட்டு, சுற்றுலாச் சேவை என்று எழுதியிருந்தார்கள். அந்த அக்காவின் 200 ரூபாயும் அவர்களுடைய ஏட்டில் வியாபார வருமானம். துண்டறிக்கையில் பெயர் போட்டிருந்த அறக்கட்டளைக்கு எழுதியபோது, பேச்சு நடந்தது, ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடவில்லை, பணம் எதுவும் வரவில்லை என்று பதில் வந்தது. நிறுவனத்தாரைக் கேட்டதற்கு, நல்ல காரியத்தைக் கெடுக்கிறோம் என்று எங்களையே குற்றம் சொன்னார்கள். அடுத்த டிரெக்கில் தள்ளுபடி தருவதாக ஒரு கூப்பனும் அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட பயணத்துக்குப் போக நினைப்பவர்கள் கட்டணத்தையும் நன்கொடையையும் ஒருபோதும் ஒரே கணக்கில் செலுத்தவேண்டாம். நன்கொடையை அந்த அறக்கட்டளையின் கணக்கிலேயே நேரடியாகப் போடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரவேண்டாம். மகாராஷ்டிரத்து அறக்கட்டளை என்றால் அறநிலைய ஆணையரிடம் அதற்குப் பதிவு எண் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். உதவி பெறும் பள்ளியின் ஆசிரியரிடம் பேச முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டரில் படுக்கப்போகிறோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆக்சிஜன் உருளையை லேயிலேயே, ரெகுலேட்டரை மாட்டித் திறந்து காட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் பதிவு செய்தபின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நடந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் செய்துவிடவேண்டும். முந்தைய ஆண்டுக் குழுவில் போனவர்களுக்கு அந்தக் காலக்கெடு நெருங்குகிறது. அவர்களில் யாராவது இதைப் படித்தால், வங்கிப் பரிமாற்றச் சான்று, ஜி.எஸ்.டி. பில், அச்சிட்ட பயணத் திட்டம், பள்ளியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இரண்டு ஆண்டுப் பேனர் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆணையத்தில் கொடுக்க விரும்புகிறோம்.