திரையில்லாத டேப்லெட்டும் கிரிட்டாவும்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

டிஜிட்டல் ஓவியம் பழக என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். திரை இல்லாத சின்னப் பேனா டேப்லெட் ஒன்று, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற லேப்டாப், அதில் இலவசமாக இறக்கிக்கொள்ளும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். சில வருடங்களாக ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்து வரைவது இந்த மூன்றையும் வைத்துத்தான். ஐபேடும் அதன் பென்சிலும் அருமையான சாதனங்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் நல்ல டேப்லெட் கிடைக்கிறபோது, வரைவது நமக்கு ஒட்டுமா ஒட்டாதா என்றே தெரியாத கட்டத்தில் அதைப்போலப் பல மடங்கு பணத்தைப் போட வேண்டாம்.

கை மேசையில் இருக்கும், கோடு திரையில் வரும், அது எப்படிப் பழகும் என்றுதான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். மவுஸ் பிடிக்கும்போது யாரும் கையைக் குனிந்து பார்ப்பதில்லையே, அதே பழக்கம்தான் இதுவும். முதல் சில வாரம் கோடு நினைத்த இடத்தில் போய் உட்காராது, எரிச்சலாக வரும். அப்புறம் என்றைக்குச் சரியானது என்றே தெரியாமல் சரியாகிவிடும். எனக்கு இதில் கிடைத்த பெரிய லாபம் கழுத்து. காகிதத்தில் வரையும்போது குனிந்தே இருப்பேன், இப்போது நேராக நிமிர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் வரைந்தாலும் வலி இல்லை.

ஆனால் அந்தப் பழக்கம் வருவதற்கு முன் ஒரு அமைப்பைச் சரிசெய்ய வேண்டும், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. சின்ன டேப்லெட்டின் வரையும் பரப்பு பெரும்பாலும் 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், லேப்டாப் திரையின் அகல உயர விகிதமோ பெரும்பாலும் 16:9. முழுப் பரப்பையும் முழுத் திரைக்குப் பொருத்தினால் நாம் கையால் போடும் வட்டம் திரையில் அகலவாக்கில் இழுபட்ட முட்டையாக வரும். கையில் குறை என்று நினைத்துக்கொண்டு பலர் இங்கேயே சோர்ந்துபோகிறார்கள். டேப்லெட்டோடு நிறுவும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் திரையின் விகிதத்துக்கே பரப்பைக் கட்டிப்போடும் வசதி இருக்கும், அதைத் தட்டிவிட்டால் கீழே அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிகமான பட்டை பயன்படாமல் போகும், அவ்வளவுதான். விண்டோஸில் கோடு தாமதமாக வந்தாலோ அழுத்தம் பதியாமல் எல்லாக் கோடும் ஒரே தடிமனில் வந்தாலோ, கிரிட்டாவின் டேப்லெட் அமைப்புக்குள் போய் பேனாவின் அழுத்தத்தைக் கொண்டுசேர்க்கும் இரண்டு வழிகளான விண்டேப், விண்டோஸ் இங்க் இவற்றில் எது உங்கள் டிரைவருக்குச் சரிப்படுகிறது என்று மாற்றிப் பாருங்கள். என் கணினியில் அதோடு பிரச்சினை தீர்ந்தது.

பேனாவுக்கு பேட்டரி கிடையாது. டேப்லெட்டுக்குள் இருக்கிற கம்பி வலையிலிருந்து வரும் மின்காந்த அலையில்தான் பேனாவுக்குள் உள்ள சுருள் இயங்குகிறது, சார்ஜ் போடும் வேலையே இல்லை. பேனா எத்தனை படி அழுத்தத்தைப் பிரித்தறியும் என்பதை 4096, 8192 என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள், இரண்டுக்கும் என் கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அதற்காக ஒரு ரூபாய் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வித்தியாசம் தெரிவது அழுத்த வளைவில், அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்று தீர்மானிக்கும் கோட்டில். பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியே வளர்ந்த கை என்னுடையது, அதனால் கிரிட்டாவில் அந்த வளைவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்தேன். அதன் பிறகுதான் மெல்லிய கோடு மெல்லியதாக வந்தது. நிப் தேயும். தேய்ந்த முனை ஒரு பக்கம் உளி மாதிரி சாய்வாகி மேற்பரப்பைச் சுரண்ட ஆரம்பிக்கும் முன் மாற்றிவிட வேண்டும். டேப்லெட்டின் நடுவில் பளபளவென்று ஒரு திட்டு விழுந்திருக்கிறது, வேலைக்கு அதனால் தொந்தரவு இல்லை.

கிரிட்டாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேடிஈ என்ற திறந்த மூலச் சமூகத்திலிருந்து வந்த மென்பொருள் இது, 2005-ல் முதல் பதிப்பு வெளியானது. சந்தா இல்லை, வாட்டர்மார்க் இல்லை, சில நாள் இலவசம் பிறகு காசு என்ற பேச்சே இல்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அவர்களுடைய தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் காசு கொடுத்து வாங்கினால் அந்தப் பணம் மென்பொருளை வளர்க்கப் போகிறது. இத்தனை பேருடைய உழைப்பு காசில்லாமல் நம் கைக்கு வருவது சாதாரண விஷயமே இல்லை. வசதி வந்ததும் நான் வாங்கினேன், மனநிறைவாக இருந்தது. டேவிட் ரெவோய் என்ற பிரெஞ்சு ஓவியர் கிரிட்டாவில் வரையும் காமிக்ஸின் மூலக் கோப்புகளை லேயரோடு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் போன்ற அடுக்குகளோடு, அப்படியே இறக்கிக்கொள்ளக் கொடுக்கிறார். ஒவ்வொரு லேயராக அணைத்து அணைத்துப் பார்த்தாலே, நிழலை எங்கே வைத்தார், வெளிச்சத்தை எதற்கு மேல் போட்டார் என்று தெரிந்துவிடும். எந்த வீடியோவையும்விட எனக்கு அதில் கற்றது அதிகம்.

தினமும் கை தானாகப் போகும் விசைகள் சில இருக்கின்றன. எம் அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பிக் காட்டும். முகம் வரைகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது, ஒரு கண் மேலே ஏறியிருப்பது அந்த நொடியே பளிச்சென்று தெரியும். 4, 6 அழுத்தினால் காகிதத்தைத் திருப்புவதுபோலப் படம் சுழலும், 5 அழுத்தினால் நேராகும். ஈ அழுத்தினால் கையில் இருக்கிற பிரஷ்ஷே அழிப்பானாகும். கோடு நடுங்குகிறவர்களுக்கு ஸ்டெபிலைசர் இருக்கிறது, நீளமான வளைவுக்கு அருமை. ஆனால் ஸ்கெட்சுக்கு அதைப் போடாதீர்கள், கோட்டில் உயிர் போய்விடுகிறது.

மல்டிபிரஷ் கருவியை அம்மாவிடம் காட்டினேன். நடுவில் ஒரு புள்ளியை வைத்து எட்டுப் பக்கமும் ஒரே நேரத்தில் கோடு போடும் கருவி அது. பேனாவை வாங்கி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "என்னடா, ஒரு பக்கம் இழுத்தா எட்டுப் பக்கமும் வருது" என்று சிரித்தார். ஆனால் அடுத்த நிமிடமே அவர் கேட்டதுதான் விஷயம்: "ரெண்டு இழை சேர்ற இடத்துல முட்டுதே, கோலத்துல அப்படி முட்டாதே." அது நிஜம். பக்கத்துப் பங்கின் எல்லையைக் கோடு எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று பார்த்து இழுத்தால்தான் இழை உடையாமல் ஓடும். வாசலில் தினம் கோலம் போடும் கைக்கு அது உடனே தெரிகிறது. இப்போது வாரம் ஒரு நாள் டேப்லெட் அவரிடம்தான்.

லேயர் பற்றி ஒரு கணக்கு. ஏ4 அளவுப் படம் 300 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480 க்கு 3508 பிக்சல். முழுக்க நிறம் நிரப்பிய ஒரு லேயர் சுமார் 35 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். பத்துப் பதினைந்து லேயர், அதோடு செய்ததைத் திரும்ப மாற்ற உதவும் அண்டூ வரலாறு, பின்னணியில் பிரவுசர் என்று சேர்ந்தால் 4 ஜிபி ராம் லேப்டாப் திணறத்தான் செய்யும். அச்சடிக்கப் போவதில்லை என்றால் பாதி அளவில் வரையுங்கள், கால் பங்கு நினைவகம் போதும். 8 ஜிபிக்கு ஏற்றிய பிறகு எனக்கு இந்தக் கவலை போய்விட்டது.

இத்தனையும் கருவி. நான் நிஜமாகவே ஏதோ கற்றுக்கொண்டேன் என்று உணர்ந்தது ஒரு எவர்சில்வர் டம்ளரை வரைந்தபோது. எவர்சில்வர் என்றால் சாம்பல் நிறம் என்றுதான் எல்லோரும் வண்ணத்தை எடுப்போம். எதிரில் வைத்து உற்றுப் பார்த்தால் அடிப்பாகத்தில் எங்கள் வீட்டுச் சிவப்பு சிமெண்ட் தரை செங்கல் நிறத்தில் வளைந்து கிடக்கிறது, அதற்கு மேல் ஜன்னல் நீளமான வெள்ளைக் கீற்றாக நிற்கிறது, கீற்றை ஒட்டியே ஏறக்குறையக் கறுப்பு. சாம்பல் என்று சொல்லும்படி இருந்தது விளிம்பில் ஒரு மெல்லிய வளையம் மட்டும். பார்த்ததைப் பார்த்தபடியே போட்டதும் உலோகம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் படத்துக்கும் மேலே ஒரு லேயரில் கறுப்பை நிரப்பி, அதன் கலப்பு முறையை, அதாவது அது கீழே உள்ள படத்தோடு கலக்கும் விதத்தை, கலர் என்று மாற்றி வைத்துக்கொள்கிறேன். அந்த லேயரைத் தெரியவைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், வெளிச்சமும் இருட்டும் போதுமான அளவு பிரிந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நம்முடைய தோல் நிறத்தை வரையும்போது இது ரொம்ப முக்கியம். மாநிறத்துக்கு நிழல் வேண்டுமென்றால் கறுப்பைக் கலக்காதீர்கள், சாம்பல் பூத்துவிடும். சிவப்பு, ஊதா பக்கம் சாய்ந்த அடர் பழுப்பை எடுங்கள், முகத்தில் ரத்தம் ஓடுகிற மாதிரி இருக்கும்.

ஜூம் விஷயத்தில் மட்டும் கட்டுப்பாடு வேண்டும். இமை முடிக்குள் புகுந்துவிட்டால் வெளியே வர மனம் வராது, மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும், முழுப் படம் எப்படி இருக்கிறது என்றே மறந்துபோயிருக்கும். முழுப் படத்தையும் சின்னதாகக் காட்டும் ஓவர்வியூ பெட்டியை ஒரு மூலையில் எப்போதும் திறந்து வையுங்கள். படத்தில் எழுத்து சேர்க்கும் வேலைக்கு நான் இன்க்ஸ்கேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளுக்குப் போய்விடுவேன், அங்கே சௌகரியம்.

திரையுள்ள டேப்லெட்டுக்கு மாறுவேனா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பக்கம் பக்கமாகக் காமிக்ஸ் வரைந்து அவுட்லைனுக்கே நாள் முழுக்கச் செலவழிப்பவர்களுக்கு அது தேவைப்படலாம். ராத்திரி இரண்டு மணி நேரம் வரைகிற எனக்கு இதுவரை அப்படி ஒரு தேவை வரவில்லை. நீங்கள் இப்போது வாங்குவதாக இருந்தால் பெட்டியில் மாற்று நிப் இருக்கிறதா, தனியாகக் கிடைக்குமா, இடது கைக்காரர் என்றால் டிரைவரில் திருப்பிக்கொள்ள வழி இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் பார்த்துவிட்டு வாங்குங்கள். அளவு சின்னதே போதும். லேப்டாப் பைக்குள் அதோடு சேர்த்தே வைத்து ஊருக்கும் எடுத்துப் போகலாம்.