குரோமியக் கழிவுநீருக்கு எது: கார்பன் நைட்ரைடா, கிராஃபீன் சேர்த்த டைட்டானியாவா?

முலாம் பூசும் பட்டறைக் கழிவுநீரில் இருக்கும் ஆறிணைதிறன் குரோமியத்தை, ஒளியின் உதவியால் நச்சு குறைந்த மூவிணைதிறன் வடிவுக்கு மாற்ற, ஒளிவினையூக்கித் தூள்களான இவை இரண்டுமே உதவும். என் தேர்வு கார்பன் நைட்ரைடு.

ஒளியைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டைட்டானியாவின் (டைட்டானியம் டை ஆக்சைடு) ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரானைக் கிளப்ப ஒளி தர வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், 3.2 எலெக்ட்ரான் வோல்ட், அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். நைட்ரைடுக்கு 2.7, ஊதா எல்இடி விளக்கே போதும். விளக்கு இல்லாமல் வெயிலை நம்பி மொட்டைமாடியில் சோதனை வைத்தால், சிங்கப்பூரின் மதிய மேகத்தால் எண்கள் நாளுக்கு நாள் மாறும்.

தயாரிப்பும் நைட்ரைடுக்கே எளிது. மெலமைனை மூடிய புடக்குகையில் 550 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு அரைத்தால் மஞ்சள் தூள் கிடைக்கும். அம்மோனியா வெளியேறும், எனவே புகைபோக்கிக் கூண்டு கட்டாயம். மற்றதற்கு வேண்டிய கிராஃபீன் ஆக்சைடைத் தயாரிக்கவோ அடர் கந்தக அமிலம், பெர்மாங்கனேட், பனிக்கட்டிக் குளியல், அதன்பின் முடிவே இல்லாத கழுவல்.

ஆனால் முடிவைத் தீர்மானிப்பது மறுபயன்பாடு. வினைக்கு பிஹெச் 2 முதல் 3 வரை வேண்டும். அது 5ஐத் தாண்டினால் குரோமியம் ஹைட்ராக்சைடு தூளின் மேலேயே படிந்து, மஞ்சள் பச்சையாகி, வேகம் விழும். நைட்ரைடை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி மீண்டும் போடலாம். கிராஃபீன் கலவையை ஒருமுறை முழுக்க உலர்த்தினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும், பழைய பரப்பு திரும்பாது, ஈரமாகவே வைத்திருங்கள். இரண்டிலும் தூளை நீரிலிருந்து பிரிக்க 0.22 மைக்ரான் வடிகட்டி நல்லது. இவை லிட்டருக்கு 1 கிராம் தூள் போடும் ஆய்வுக்கூட அளவுக்குப் பொருந்துபவை. பெரிய தொட்டிக்கு அப்படியே நீட்டாதீர்கள்.

ஒளி பட்டதும் கிளம்பும் எலெக்ட்ரான் தூளில் விட்டுச்செல்லும் நேர்மின் காலியிடங்களை (துளைகளை) நிரப்பித் தானே செலவாகும்படி சிட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். வேகம் கூடும், ஆனால் சிட்ரேட் மூவிணைதிறன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பிஹெச் 8.5க்கு ஏற்றினாலும் அது முழுதாகப் படியாது. ஃபார்மிக் அமிலத்தில் இந்தத் தொல்லை குறைவு. டைஃபினைல்கார்பசைடு நிறச் சோதனை ஆறிணைதிறனை மட்டுமே காட்டும் என்பதால், மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் கருவியிலும் பாருங்கள். இருட்டில் 30 நிமிடம் கலக்கிய பிறகே விளக்கைப் போடுங்கள். இல்லையேல் தூளில் ஒட்டியதும் ஒளிவினையாகக் கணக்கில் வரும்.

ஆர்சனைட்டை (ஆர்சனிக்கின் நச்சு மிகுந்த வடிவம்) ஆக்சிஜனேற்றுவதுதான் வேலை என்றால் டைட்டானியாவே தகும். நைட்ரைடின் துளைகளுக்கு அத்தனை ஆற்றல் இல்லை. எதுவானாலும் கடைசியில் மிஞ்சும் குரோமியச் சேற்றை உரிமம் பெற்ற நச்சுக் கழிவுச் சேகரிப்பாளரிடமே கொடுக்க வேண்டும்.