கென்யாவுக்குத் தொண்டாற்றப் போகிறவர்களுக்கு எம்-பெசா (மொபைலிலேயே பணம் போட, அனுப்ப, எடுக்க உதவும் சேவை) எப்படி?

நைரோபியில் இறங்கியதும் அங்குள்ள மொபைல் நிறுவனமான சஃபாரிகாமின் சிம் வாங்கும்போதே எம்-பெசாவையும் பதிவு செய்துவிடுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கடைக்காரர் பெயரைத் தட்டும்போது எட்டிப் பாருங்கள்: இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஏற வேண்டும். நம் ஆட்களுக்கு இதில்தான் குளறுபடி. பின்னால் எம்-பெசா ஏஜென்டிடம் (ரொக்கம் வாங்கித் தரும் கடைக்காரர்) பணம் எடுக்கையில் தகராறு வரும்.

2007இல் வந்த சேவை இது. சாதா போனிலும் *334# அடித்தால் போதும், நெட் வேண்டாம். பணம் போடக் கட்டணமில்லை, எடுக்கத்தான் பிடிப்பார்கள். ஆகவே ரொக்கமாக எடுக்காமல் கடையின் டில் எண்ணுக்கே (கடைக்கென உள்ள எம்-பெசா எண்) செலுத்துவது மிச்சம். எண் மாறி அனுப்பிவிட்டால், வந்த குறுஞ்செய்தியை உடனே 456க்கு அனுப்புங்கள். பணம் போய்ச் சேர்ந்த ஆள் அதை எடுத்துவிட்டால் மீட்பது பெரும்பாடு.

“தெரியாமல் உங்களுக்கு அனுப்பிவிட்டேன்” என்று யாராவது அழைத்தால், பேலன்ஸைப் பார்க்காமல் ஒரு ஷில்லிங்கும் திருப்பி அனுப்பாதீர்கள்.