திருகோணமலை ஆட்களே, 'மூன்று வருட அன்ரிவைரஸ்' என்று காசு வாங்குகிறார்கள், கவனம்

18,500 ரூபா. எண்ணிக் கொடுத்த காசு. இன்று காலையும் அந்தக் கடைக்குப் போன் எடுத்தேன். 'அண்ணை சாப்பிடப் போயிட்டார்' என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பத்தரை மணிக்கு அது என்ன சாப்பாடோ. கோபம் ஆறுவதற்கு முதல் எழுதிவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. டவுனில் கொம்பியூட்டர் விற்று, திருத்தி, போட்டோக்கொப்பியும் அடிக்கிற கடை. இதற்கு மேல் சொன்னால், கையில் பற்றுச்சீட்டு இல்லாத என்மேல்தான் பொலிசில் முறைப்பாடு வரும். பற்றுச்சீட்டு ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 10 போட்ட பழைய டெஸ்க்டொப். மகன் ஏ.எல். படிக்கிறான். சூம் வகுப்பு, நோட்ஸ், கடந்தகால வினாத்தாள் எல்லாம் அதில்தான். திடீரென்று திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று சிவப்புப் பெட்டிகள் வரத் தொடங்கின. ஒன்றை மூடினால் இன்னொன்று. வகுப்பு நடக்கும்போதும் விடவில்லை. உப்புவெளியில் இருந்து ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனோம்.

கடையில் நின்ற பெடியன் நல்ல மரியாதை. 'அக்கா இருங்கோ' என்று கதிரை போட்டு, ஃபானையும் எங்கள் பக்கம் திருப்பிவிட்டான். பென்ட்ரைவ் ஒன்றைச் செருகி ஏதோ ஒரு ஸ்கானை ஓட்டினான். எண் ஏறத் தொடங்கியது. ஐந்நூறு, ஆயிரம், அதற்கும் மேலே. திரையை என் பக்கம் திருப்பி, நகத்தால் தட்டிக் காட்டி, 'பாத்தீங்களா அக்கா, இவ்வளவும் உள்ளுக்க இருக்கு. தம்பியின்ர படிப்பு ஃபைல் எல்லாம் எந்த நேரமும் போகலாம்' என்றான். பக்கத்தில் நின்ற மகனின் முகம் போன போக்கைப் பார்த்தேன். பிள்ளையின் படிப்பு என்று சொன்ன பிறகு எந்தத் தாய் விலை பேசுவாள்? அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பிறகு முதலாளி வந்தார். 'விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை, அதோட வாற டிபென்டர் அன்ரிவைரஸ் பேருக்குத்தான். நல்ல ஒரிஜினல் அன்ரிவைரஸ் மூன்று வருசத்துக்குப் போட்டுத் தாறன், விண்டோஸையும் புதுசா ஃபோர்மட் பண்ணித் தாறன், எல்லாம் சேர்த்து 18,500.' பற்றுச்சீட்டுக் கேட்டேன். பில் புத்தகம் முடிந்துவிட்டதாம். தன் விசிட்டிங் கார்ட்டின் பின்பக்கத்தில் நீலப் பேனையால் 'பெய்ட் 18500' என்று எழுதித் தந்தார். கையெழுத்துக் கூட இல்லை.

சில வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் அந்த அன்ரிவைரஸே மஞ்சள் பெட்டி காட்டியது: சோதனைக் காலம் முடிந்துவிட்டது, காசு கட்டுங்கள். மூன்று வருடம் என்று வாங்கியது மூன்று மாதம் கூட ஓடவில்லை.

போன் எடுத்தால் 'நாளைக்கு வாங்கோ'. நாளைக்குப் போனால் 'அண்ணை கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போயிட்டார்'. வட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலச் சரி இரண்டு விழும், பதில் விழாது. விடாமல் போய் நின்ற பிறகு ஒரு கீ, அதாவது லைசன்ஸ் இலக்கம், தந்தார்கள். அதைப் போட்டால் 'அனுமதித்த எண்ணிக்கையை விடக் கூடுதலான கணினிகளில் பாவிக்கப்பட்டுள்ளது' என்று வருகிறது. அதாவது ஒரு லைசன்ஸை வாங்கி ஊர் முழுக்கப் பங்கு போட்டு விற்றிருக்கிறார்கள். அதைச் சொன்னதற்கு முதலாளி சொன்ன பதில்: 'சொஃப்ட்வெயாருக்கு வொரன்டி இல்லை அக்கா. தம்பி இன்டர்நெட்டில கண்டதையும் பாத்திருப்பார். 4,500 தந்தா வேற ஒன்று போட்டு விடுறன்.' 18,500 போதாதாம்!

அக்காவின் மகன் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் கொம்பியூட்டர் படிக்கிறான். அவன் வந்து பார்த்த பிறகுதான் முழுக் கூத்தும் வெளியே வந்தது. முதலில் வந்த சிவப்புப் பெட்டி வைரஸே இல்லை. மகன் கிரிக்கெட் பார்த்த ஏதோ ஒரு தளத்துக்குக் குரோமில் 'நோட்டிஃபிகேஷன்' (திரையில் அறிவித்தல் காட்டுகிற) அனுமதி போயிருக்கிறது, அந்தத் தளம் அனுப்பிய விளம்பரம்தான் அது. குரோம் செட்டிங்ஸில் அந்த அனுமதியை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. காசு செலவே இல்லை. கடையில் ஏறிய ஆயிரக்கணக்கும் பெரும்பாலும் குக்கீஸ்தானாம், அதாவது இணையத் தளங்கள் போட்டு வைக்கிற சின்னச் சின்னக் குறிப்புகள், இன்டர்நெட் பாவிக்கிற எந்தக் கணினியிலும் இருக்குமாம்.

அதோடு முடியவில்லை. டிபென்டரில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. இதை ஸ்கான் பண்ணாதே என்று விலக்கி வைக்கிற பட்டியல். அதைத் திறந்தான். ஒரே ஒரு வரி: சி டிரைவ். முழு டிரைவும்! அவர்கள் புதிதாகப் போட்ட விண்டோஸ் கள்ள அக்டிவேற்றரால், அதாவது லைசன்ஸ் இல்லாமல் விண்டோஸைத் திறக்கிற புரோகிராமால், திறந்தது. அந்த அக்டிவேற்றரை டிபென்டர் பிடித்துவிடும் என்பதற்காக முழு டிரைவையும் விலக்கிவிட்டிருக்கிறார்கள். வேறு அன்ரிவைரஸ் போட்டால் டிபென்டர் தானாக ஒதுங்கிவிடும், அந்த அன்ரிவைரஸை அழித்தால் டிபென்டர் திரும்பி வரும். எங்கள் வீட்டில் அது திரும்பி வந்தும் பிரயோசனம் இல்லை, வாசற்கதவைத் திறந்து வைத்து, காவலுக்கு நின்றவனின் கண்ணையும் கட்டிவிட்ட மாதிரி. பாதுகாப்புக்கு என்று 18,500 கொடுத்து, இருந்த பாதுகாப்பையும் இழந்திருக்கிறோம். இதுதான் எனக்குத் தாங்கவில்லை, காசு போனதை விட.

விண்டோஸ் 10 கதையிலும் பாதிதான் உண்மை. மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் வழமையான அப்டேட்டை நிறுத்தியது சரி. ஆனால் வீட்டுப் பாவனைக்கு ஒரு வருட நீடிப்பும் கொடுத்தது, மைக்ரோசொஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பக்அப் பண்ணினால் காசு இல்லாமலே. அப்டேட் இல்லாத விண்டோஸின் ஓட்டையை எந்த அன்ரிவைரஸும் முழுதாக அடைக்காது. முதலாளி இதைச் சொல்வாரா?

விரிவாக எழுத நினைத்தேன், மகனுக்கு வகுப்புத் தொடங்கப் போகிறது, அதனால் சுருக்கமாக. பெட்டி வந்தால் முதலில் பிரவுசர் நோட்டிஃபிகேஷனைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிபென்டர் சும்மாவே வருகிறது, அது ஓடுகிறதா, எக்ஸ்குளூஷன்ஸில் ஏதும் கிடக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்துத்தான் அன்ரிவைரஸ் வாங்குவதென்றால் லைசன்ஸ் உங்கள் ஈமெயிலில் பதிய வேண்டும், முடிகிற திகதியைக் கடையிலேயே திரையில் காட்டச் சொல்லுங்கள். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்றால் எழும்பி வந்துவிடுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்று 2003 ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டுக்கு நுகர்வோர் அதிகாரசபையின் 1977. கணினி, இணையப் பிரச்சினைக்கு இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101.

1977க்கு எடுக்கத்தான் போகிறேன். என்னிடம் இருப்பது அந்த விசிட்டிங் கார்ட்டும் வட்ஸ்அப் செய்திகளும்தான். டவுனில் இப்படி ஒரு கடையில் 'மூன்று வருசம்' என்று வாங்கிய யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பற்றுச்சீட்டோடு ஒருவர் வந்தாலும் சேர்ந்து முறைப்பாடு போடலாம்.